நடத்தை மாற்றப் பயிலரங்கு: ‘விழிப்புணர்வு’ என்று எழுதினால் அடித்துவிடுவார்கள்

ஆய்வு மாணவர்கள், செவிலியர், டாக்டர்கள், உணவியல் ஆலோசகர்கள் எல்லோரும் ஒரே மேசையில் உட்காரும் பயிலரங்கு இது. பாடத்தின் அடிப்படை லண்டன் யுனிவர்சிட்டி காலேஜின் சூசன் மிக்கியும் உடன் ஆய்வாளர்களும் உருவாக்கியது: 2011-இல் வந்த நடத்தை மாற்றச் சக்கரம் (ஒரு நடத்தை ஏன் மாறவில்லை, அதை மாற்ற எந்த வகை முயற்சி பொருந்தும் என்று காட்டும் வரைபடம்), 2013-இல் வந்த, நடத்தையை மாற்றும் 93 உத்திகளை எண்ணிட்டுத் தரும் பட்டியல். இரண்டு நாள் என்றால் முதல் நாள் சக்கரம், இரண்டாம் நாள் பட்டியல்.

சிக்கல் முதல் தாளிலேயே ஆரம்பிக்கும். ‘மாற வேண்டிய நடத்தை எது?’ என்ற கட்டத்தில் “உப்பு பற்றிய விழிப்புணர்வு” என்று எழுதுவோம். விழிப்புணர்வு நடத்தை அல்ல. யாரும் அதைச் செய்து காட்ட முடியாது. அடித்துவிட்டு “உப்பைக் குறைத்தல்” என்று எழுதினால் அதுவும் திரும்பி வரும். யார், என்ன, எங்கே, எப்போது, எவ்வளவு அடிக்கடி, யாருடன் என்ற ஆறுக்கும் பதில் வேண்டும்.

பிபி இருப்பவர் 58 வயது கணவர் என்று வைத்துக்கொள்வோம். குழம்பில் உப்புப் போடுகிற கை அவருடையது அல்ல. ஆலோசனை அவருக்கு, அடுப்பு மனைவிக்கு! ஆறு கேள்விக்கும் பதில் எழுதியபின் தாளில் நிற்பது இப்படி: ‘4 பேர் சாப்பிடும் வீட்டில் சமைப்பவர், தினமும் காலையில் தலைதட்டி 3 டீஸ்பூன் தூள் உப்பைத் தனிக் கிண்ணத்தில் எடுத்து வைத்து, அன்றைய சமையலை அதற்குள் முடிப்பது.’ ஏன் 3? உலக சுகாதார நிறுவனம் சொல்லும் வரம்பு ஒருவருக்கு நாளைக்கு 5 கிராமுக்குள், ஒரு டீஸ்பூனுக்குச் சற்றுக் குறைவு. ஊறுகாய், அப்பளம், கருவாடு, கடைப் பலகாரம் இவற்றுக்கும் இடம் விட வேண்டும். இட்லி மாவில் கரைக்கும் உப்பும் கிண்ணத்திலிருந்துதான். ‘தூள்’ என்ற சொல்லை விட்டாலும் கணக்கு கெடும், கல் உப்பு அதே ஸ்பூனில் எடை குறைவாக நிற்கும். சரிபார்க்க எளிய வழி, பொட்டலம் பிரித்த தேதியை அதன் மேலேயே எழுதுவது. இந்த அளவில் ஒரு கிலோ ஏறக்குறைய 2 மாதம் வர வேண்டும்.

இந்த ஒரு வாக்கியத்துக்கே அரை நாள் போகும். போகட்டும். இங்கே அவசரப்பட்ட குழுக்கள்தான் மறுநாள் திணறும்.

அடுத்தது, அந்த நடத்தைக்குத் தடை எதில் என்று பார்க்கும் திறன், வாய்ப்பு, உந்துதல் என்ற மூன்று கேள்வி. உப்பு கெடுதல் என்று சமைப்பவருக்குத் தெரியாமல் இல்லை. அவர் கண்ணளவில் போடுகிறார். யோசிக்காமல் கை போடுகிறது. அது தன்னியல்பான உந்துதல். “உப்பில்லாப் பண்டம் குப்பையிலே” என்று தட்டை நகர்த்தும் மாமனார் சமூக வாய்ப்பில் வருவார். சக்கரத்தில் உள்ள 9 வகைத் தலையீடுகளில், அதாவது நடத்தையை மாற்றச் செய்யும் முயற்சிகளில், ‘கல்வி’, தன்னியல்பான உந்துதலுக்குப் பொருந்துவதில்லை. நம் துண்டறிக்கைகளில் பாதி அந்த இடத்திலேயே விழுந்துவிடும். அளவு ஸ்பூன் கொடுப்பது, உப்பு ஜாடியை அடுப்படியிலிருந்து அலமாரிக்கு மாற்றுவது போன்றவை நிற்கும். பிறகு ஏற்பு, நடைமுறைச் சாத்தியம், பலன், செலவு, பக்கவிளைவு, சமத்துவம் என்ற ஆறில் வடிகட்ட வேண்டும். இது சீக்கிரம் முடியும்.

இரண்டாம் நாள் கோடிங். ஒரு தலையீட்டின் விவரிப்பைக் கொடுத்து, அதில் எந்த உத்திகள் இருக்கின்றன என்று பட்டியலில் உள்ள எண்ணைப் போடச் சொல்வார்கள். யாருடைய எந்த நடத்தை என்பதை முதலில் ஓரத்தில் குறித்துக்கொள்ளுங்கள். நர்ஸுக்குக் கொடுத்த பயிற்சியை நோயாளிக்கான உத்தியாக எண்ணுவது இங்கே அடிக்கடி நடக்கும் தவறு.

தலைப்பை மட்டும் பார்த்து எண் போட்டால் மாட்டிக்கொள்வீர்கள், வரையறையைப் படியுங்கள். உப்பின் அளவை நோயாளியே குறித்தால் 2.3, பிபியை அவரே குறித்தால் 2.4. நர்ஸ் பிபி பார்த்து “போன முறையைவிட இறங்கியிருக்கு” என்று சொன்னால் 2.6, பார்த்து, வாய் திறக்காமல் அட்டையில் எழுதி அனுப்பினால் 2.5. நம் புறநோயாளிப் பிரிவுகளில் எந்த எண் அதிகம் விழும் என்று ஊகிக்கலாம். “காலையில் கிண்ணத்தில் எடுத்து வைக்கிறேன்” என்று நேரத்தோடு திட்டமிடச் செய்தால் 1.4. ஸ்பூனைக் கையில் கொடுத்தால் 12.5. “உப்பைக் குறைச்சுக்கோங்க” என்ற வெறும் அறிவுரையில் இலக்கும் இல்லை, எப்படி என்பதும் இல்லை. அதற்கு எண் கிடையாது. இதைக் கேட்டதும் டாக்டர்கள் பக்கம் கொஞ்சம் முணுமுணுப்பு எழும்.

எழுத்தில் இருப்பதற்கு மட்டுமே எண். “கண்டிப்பாகச் சொல்லியிருப்பார்கள்” என்று ஊகித்துப் போட்டால் ஒரு பத்தியில் பதினைந்து உத்தி விழும். பக்கத்தில் இருப்பவர் ஆறு போட்டிருப்பார். அதனால்தான் இருவர் தனித்தனியாகப் போட்டுவிட்டு ஒப்பிடுகிறோம். ஒப்பிடும்போது விட்டுக்கொடுக்க வேண்டாம். எந்தச் சொல்லை வைத்து அந்த எண் போட்டீர்கள் என்று விரல் வைத்துக் காட்டச் சொல்லுங்கள். காட்ட முடியாத எண்ணை நீக்குங்கள்.

பயிலரங்குக்குப் போகும்போது உங்கள் இடத்தில் உண்மையில் நடக்கும் ஓர் ஆலோசனையை, அடையாளங்களை நீக்கி, சொன்னது சொன்னபடி எழுதி எடுத்துப் போங்கள். எண் போட்டுப் பழக ஒரு பக்கம் போதும்.