ரம்மி நின்ற பிறகு

22 ஆகஸ்ட் 2025, வெள்ளி

நேற்று மாநிலங்களவையில் மசோதா நிறைவேறியது, இன்று குடியரசுத் தலைவர் ஒப்புதலும் கிடைத்துவிட்டது. காசு கட்டி ஆடும் ஆன்லைன் ஆட்டங்களுக்கு நாடு முழுக்கத் தடை. அண்ணனின் ரம்மி ஆப்பில் காசு ஆட்டம் நின்றுபோனது. மீதிப் பணத்தை எடுத்துக்கொள்ளலாம் என்று ஒரு அறிவிப்பு மட்டும் வருகிறது. அவன் கணக்கில் எடுக்க என்ன இருக்கிறது? சாப்பிடும்போதும் இடது கையால் அதைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தான்.

அம்மாவுக்கு நிம்மதி. ஆனாலும் பழைய பாட்டை விடவில்லை: “அப்பன் ரத்தம், வேற எப்படி இருப்பான்?” அப்பா ‘ஒரு நம்பர்’ லாட்டரியில் விழுந்து கிடந்தவர். 2003-ல் தமிழ்நாட்டில் லாட்டரியைத் தடை செய்த பிறகுதான் ஓய்ந்தார்.

24 ஆகஸ்ட், ஞாயிறு

அம்மா சொல்வதை ஒரேயடியாகத் தள்ளிவிட முடியாது. வியட்நாம் போர்க்காலத்தில் அமெரிக்கப் படையில் இருந்த இரட்டையர்களை வைத்து, சூது குடும்பவழி வருகிறதா என்று பார்த்த ஆய்வு 1998-ல் வந்தது. 2010-ல் வெண்டி ஸ்லட்ஸ்கி என்ற ஆய்வாளரின் குழு ஆஸ்திரேலிய இரட்டையர்களைப் பார்த்தது. சூதுக்கு அடிமையாவதில் ஆளுக்கு ஆள் இருக்கும் வேறுபாட்டில் ஏறக்குறைய பாதி மரபணு சார்ந்தது என்றது அந்த ஆய்வு. ஆண், பெண் இருவருக்கும் அப்படியே.

அதற்காக அண்ணனின் கடனில் பாதியை அப்பா பேரில் எழுத முடியாது. இது பெருங்கூட்டத்துக்கான கணக்கு, தனி ஆளுக்குப் பொருந்தாது. சூதுக்கென்று ஒரு மரபணுவும் இல்லை. பல சேர்ந்து கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளுகின்றன. அவற்றில் சில, குடிக்கு அடிமையாவதிலும் பங்கெடுக்கின்றன. பெரியப்பா குடித்தே போனவர். அம்மா அவரை இந்தக் கணக்கில் சேர்ப்பதே இல்லை.

எனக்கும் அதே அப்பாதான். சீட்டைப் பார்த்தாலே தூக்கம் வருகிறது.

27 ஆகஸ்ட், புதன்

சதுர்த்தி. அண்ணனுக்கு இரவில் தூக்கமில்லை, தொட்டதற்கெல்லாம் கோபம். கொழுக்கட்டை ஆறிப்போச்சு என்று அண்ணியிடம் கத்தினான். ஆட்டத்தை நிறுத்தினால் வரும் எரிச்சல், மனநல மருத்துவர்கள் பார்க்கும் ஒன்பது அறிகுறிகளில் ஒன்று. ஓராண்டுக்குள் நான்கு இருந்தாலே நோய்தான். அமெரிக்க மருத்துவர்கள் 2013 வரை இதை, திருட்டு வெறி, தீ வைக்கும் வெறி வகையறாவோடு வைத்திருந்தார்கள். அப்புறம்தான் மது, போதைப் பட்டியலுக்கு மாற்றினார்கள்.

அந்த ஒன்பதில் இன்னொன்று அண்ணனின் வாயிலேயே ஓயாமல் வரும்: “விட்டதப் பிடிச்சிட்டு நிறுத்திடறேன்.”

30 ஆகஸ்ட், சனி

ரத்தம், புத்தி என்று பேசுகிறவர்களிடம் சொல்ல ஒன்று கிடைத்தது. 2005-ல் அமெரிக்காவின் மேயோ கிளினிக் மருத்துவர்கள், சூதாட்டத்தில் விழுந்த 11 பார்க்கின்சன் நோயாளிகளைப் பற்றி எழுதினார்கள். அவர்களில் 9 பேர் எடுத்துக்கொண்டது பிரமிபெக்சோல், மூளையில் ஆசையைத் தூண்டும் டோபமின் என்ற பொருள் செய்யும் வேலையைச் செய்யும் மருந்து. அதற்கு முன் சூதாட்டத்தின் பக்கமே போகாதவர்களும் இதில் உண்டு. மருந்தை நிறுத்தியதும் பலருக்கு அந்த வெறி போய்விட்டது. ஒரு மாத்திரை கொண்டுவந்து, அதை விட்டதும் போய்விடுகிற ஒன்றை ‘புத்தி’ என்று எப்படிச் சொல்வது?

மாத்திரை இல்லாமலே ஆட்டமும் இதைச் செய்கிறது. அண்ணன் ஜெயித்த கதையைச் சொல்லவே மாட்டான். சொல்வதெல்லாம், “ஆட்டின் ஏழு சீட்டு மட்டும் வந்திருந்தா டிக்ளேர் பண்ணி ஜெயிச்சிருப்பேன்” வகைதான். 2009-ல் லூக் கிளார்க் என்ற ஆய்வாளரின் குழு, படங்கள் சுழன்று பொருந்தி நின்றால் பரிசு தரும் எந்திர ஆட்டம் ஆடுகிறவர்களின் மூளையைப் படமெடுத்தது. படம் ஒரே ஒரு கட்டம் தள்ளி நின்று தவறினாலும் அது தோல்விதான். ஆனாலும் ஜெயித்தால் விழித்துக்கொள்ளும் சில பகுதிகள் அப்போதும் விழித்துக்கொண்டன. அதைவிட முக்கியம், படத்தைத் தாங்களே தேர்ந்தெடுத்து ஆடியபோது இன்னொரு ஆட்டம் ஆடும் ஆசையும் கூடியது. தோற்றவனையே இன்னும் ஆடச் சொல்லும் ஆட்டத்தை எப்படி விடுவான்?

6 செப்டம்பர், சனி

அண்ணன் கேரள எல்லையிலுள்ள வாளையாறு போய், அந்த மாநில அரசின் ஓணம் பம்பர் லாட்டரி வாங்கி வந்திருக்கிறான். டிக்கெட் 500 ரூபாய், முதல் பரிசு 25 கோடி. 2023-ல் திருப்பூர்க்காரர்களுக்கு விழுந்ததே என்கிறான். கடைக்காரர் நீட்டியதை வாங்காமல், கட்டு கட்டாகப் புரட்டித் தானே எடுத்த டிக்கெட்டாம்.

அமெரிக்க உளவியலாளர் எலன் லாங்கர் 1975-லேயே இதைச் சோதித்திருக்கிறார். ஒரு டாலர் டிக்கெட்டைத் திருப்பி விற்கக் கேட்டபோது, கையில் கொடுக்கப்பட்டவர்கள் சராசரியாக 2 டாலருக்குள் கேட்டார்கள். தாங்களே பொறுக்கியவர்கள் 8 டாலருக்கு மேல் கேட்டார்கள். வாய்ப்பு இருவருக்கும் ஒன்றேதான். அப்பாவும் இப்படித்தான், வந்த எண்களை நோட்டில் எழுதிவைத்து ‘இனி ஏழு வராது’ என்பார்.

சம்பளக் கணக்கு இப்போது அண்ணியிடம். செவ்வாய்க்கிழமை மனநல மருத்துவரிடம் நேரம் வாங்கியாயிற்று, அண்ணனும் வருகிறேன் என்றிருக்கிறான். ராத்திரி இன்னொரு டிக்கெட்டுக்கு 500 கேட்டான். அண்ணி தரவில்லை.