முறமும் கரண்டியும் ஒரே வரியில்

இன்வாய்ஸில் ஒரே ஒரு வரிதான் இருந்தது: 'மர, மூங்கில் சமையலறைப் பொருட்கள்'. பக்கத்தில் 4419 என்று ஓர் எண், சரக்கின் வகையைக் காட்டும் சுங்கக் குறியீடு. தூத்துக்குடியில் ஒரு கஸ்டம்ஸ் புரோக்கர் அலுவலகத்தில் நான் வேலைக்குச் சேர்ந்து சில மாதங்களே ஆகியிருந்தன. மரம், சமையலறை, 4419. எல்லாம் பொருந்தி வருகிறதே என்று, ஏற்றுமதிக்காகச் சுங்கத்துக்குத் தரும் ஷிப்பிங் பில்லில் அப்படியே ஏற்றிவிட்டேன். கன்டெய்னர் கொழும்பு வழியாக அமெரிக்கா போய்ச் சேர்ந்தது. அங்கே பெட்டிகளைத் திறந்து பார்த்தார்கள். உள்ளே கரண்டி இருந்தது. கூடவே முறம், சல்லடை, முறுக்கு உழக்கு, குழந்தைகள் விளையாடும் மரச் செப்புச் சாமானும் இருந்தன. எல்லாவற்றுக்கும் தனித்தனி விவரம் கொடுத்து முடிக்கும்வரை சரக்கு அங்கேயே கிடந்தது. அந்த நாட்களுக்கான வாடகை ஏற்றுமதியாளர் தலையில் விழுந்தது.

அண்ணாச்சி என்று நாங்கள் அழைக்கும் அவர் என்னைத் திட்டவில்லை. "நானும் விவரம் எழுதல, நீயும் சாமானப் பாக்கலம்மா" என்று மட்டும் சொன்னார். திட்டியிருந்தால்கூட மனசு ஆறியிருக்கும். மறுநாள் எங்கள் சீனியர் சார் ஒரு நோட்டுப் புத்தகத்தைக் கையில் கொடுத்து, "அண்ணாச்சி குடோனுக்குப் போ. ஒவ்வொண்ணையும் கையில எடுத்துப் பாரு. புத்தகத்த அப்புறம் திறக்கலாம்" என்றார்.

முதலில் கையில் எடுத்தது முறம். மூங்கிலைச் சிம்பாகக் கிழித்து முடைந்தது. மூங்கில் கரண்டி அப்படியல்ல, கட்டையைச் செதுக்கி இழைத்தது. மூலப்பொருள் ஒன்று, செய்த விதம் வேறு. சுங்க வகைப்பாட்டில் முடைந்த பொருட்களுக்கென்றே 46ஆம் அத்தியாயம் இருக்கிறது. முறம், கூடை, தட்டு எல்லாம் 4602இல் வரும், அதிலும் மூங்கிலுக்கு 4602.11 என்று தனி எண். முடைந்த பாய், மேசை விரிப்பு என்றால் 4601. செதுக்கிய கரண்டிதான் 4419. சல்லடை இந்த இரண்டிலும் சேராது. கைச் சல்லடைக்கு 9604, துடைப்பத்துக்கு 9603.

மூங்கில் மரமா என்ற கேள்வியும் அன்றைக்குத்தான் எழுந்தது. தாவரவியலில் அது புல். தொல்காப்பியமும் மரபியலில் வெளியே வைரம் கொண்டதைப் புல் என்றும், உள்ளே வைரம் கொண்டதை மரம் என்றும் பிரிக்கிறது. அதன்படி பார்த்தாலும் மூங்கில் புல்தான். ஆனால் 44ஆம் அத்தியாயத்தின் 6ஆவது குறிப்பு, 'மரம்' என்று வரும் இடங்களில் பொதுவாக மூங்கிலையும் மரத்தன்மையுள்ள பிற பொருட்களையும் சேர்த்துக்கொள்ளச் சொல்கிறது. அந்தக் குறிப்பால்தான் மூங்கில் கரண்டி மரக் கரண்டியோடு ஒரே தலைப்புக்குள் வருகிறது.

2017ஆம் ஆண்டுத் திருத்தம் வரை, எல்லா நாடுகளுக்கும் பொதுவான ஆறு இலக்க அளவில் இந்த இரண்டுக்கும் ஒரே எண்தான். அதற்குப் பிறகு மூங்கிலில் செய்த வெட்டுப்பலகை 4419.11, சாப்ஸ்டிக் 4419.12, மற்றவை 4419.19 என்று பிரிந்தன. 2022 திருத்தத்தில் வெப்பமண்டல மரத்துக்கு 4419.20 வந்தது. இந்தியாவில் அது ஜனவரி 1, 2022 முதல் நடைமுறைக்கு வந்தது. தேக்கில் கடைந்த கரண்டி இப்போது அங்கேதான் போகிறது. அதனால் 'மரக்கரண்டி' என்று எழுதினால் போதாது, என்ன மரம் என்று கேட்டாக வேண்டும். இந்தக் கேள்வியைக் கேட்டால் பல வியாபாரிகளுக்குச் சலிப்பு வருகிறது. ஆனால் ஆசாரியைக் கேட்டால் அவர் உடனே சொல்லிவிடுவார். நான் இப்போதெல்லாம் ஆசாரியைத்தான் முதலில் கேட்கிறேன்.

முறுக்கு உழக்குதான் எனக்கு ரொம்ப நாள் தூக்கம் கெடுத்தது. தேக்கு உடம்பு, அடியில் பித்தளை அச்சு. மாவைப் பிழியும் கருவி என்பதால், உணவு தயாரிக்கும் கையியந்திரங்களுக்கான 8210இல் வைக்கலாமா என்று யோசித்தேன். 82ஆம் அத்தியாயத்தில் ஒரு பொருள் சேர வேண்டுமானால் வேலை செய்யும் பகுதி உலோகமாக இருக்க வேண்டும். இங்கே மாவு வெளியே வரும் அச்சு பித்தளைதானே! சாரிடம் கொண்டுபோனேன். அவர் 8210க்கான விளக்கக் குறிப்பைத் திருப்பிக் காட்டினார். திருகுச் சுழற்சி, பல்சக்கரம், கைப்பிடியைச் சுற்றும் அமைப்பு போன்றவை இருந்தால் அது இயந்திரம். வெறுமனே மேலிருந்து அழுத்துவது, நெம்புவது மட்டும் இருந்தால், சுவரிலோ மேசையிலோ பொருத்தும்படி செய்யாதவரை, பொதுவாக இயந்திரமாகக் கருதுவதில்லை. நம் மர உழக்கு இரண்டு கையாலும் அழுத்திப் பிழிவது. ஆக 8210 இல்லை. மரமும் பித்தளையும் சேர்ந்திருப்பதால், அந்தப் பொருளுக்கு அதன் தன்மையைத் தருவது எது என்று பார்க்கும் 3(b) விதிக்கு வந்தோம். உடம்பும் பிடியும் எடையும் மரம், அதனால் 4419 என்று முடிவு செய்தோம். அதே முறுக்குக் குழல் முழுப் பித்தளையாக, மேலே திருகும் கைப்பிடியோடு வந்தால் அது 8210தான். என் வீட்டில் இரண்டுமே இருக்கின்றன. முறுக்கு ஒரே ருசிதான்.

செப்புச் சாமானைப் பார்த்தபோது நான் செய்த தவறின் அளவு முழுதாகப் புரிந்தது. குட்டி உரல், குட்டி உலக்கை, குட்டி அகப்பை. பெரியதன் அச்சு அசல். ஆனால் யாரும் அதில் சமைப்பதில்லை. அது பொம்மை, 9503. பொம்மை என்று ஆனதும் பெயிண்ட், சின்னத் துண்டுகள், சோதனைச் சான்று என்று கேள்விகள் வேறாகிவிடும். அதைச் சமையலறைப் பொருள் என்று எழுதினால் அந்தக் கேள்விகளை யாரும் கேட்காமலே சரக்கு ஒரு குழந்தையின் கைக்குப் போய்விடும். வாடகைச் செலவைவிட இதுதான் என்னை அதிகம் உறுத்தியது.

மரத்தின் பெயருக்கு இன்னொரு காரணமும் உண்டு. அண்ணாச்சி சகாரன்பூரிலிருந்து சீசம் மரக் கரண்டிகளை வாங்கிச் சேர்ப்பார். சீசம், நம் ஊர் ஈட்டி எல்லாம் டால்பெர்ஜியா பேரினம். அந்தப் பேரினத்தை 2017 ஜனவரியில், அழியும் ஆபத்துள்ள உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்ஸ் ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் சேர்த்தார்கள். கரண்டி ஏற்றுமதி செய்பவர்கள்கூட மரம் எங்கிருந்து வந்தது என்று காட்டவேண்டிய நிலை. 2022 நவம்பரில் பனாமாவில் நடந்த மாநாட்டில், சீசம் பொருள் ஒவ்வொன்றும் 10 கிலோவுக்குள் இருந்தால், ஒரே சரக்கில் எத்தனை இருந்தாலும் சைட்ஸ் அனுமதி தேவையில்லை என்று தெளிவாக்கினார்கள்.  அதற்காக ஈட்டியைச் சீசம் என்று எழுதி அனுப்பக் கூடாது. இதை நான் ஒவ்வொரு முறையும் அழுத்திச் சொல்வேன்.

அப்புறம் 'மூங்கில் தட்டு' என்று ஒருவர் கொண்டுவந்தது. இறக்குமதி செய்யலாமா என்று கேட்டார். வழவழப்பாக, அழகான வெளிர்பச்சை. நரம்பே தெரியவில்லை. மூங்கில் தூளை மெலமைன் பிசினில் கலந்து அச்சில் வார்த்தது அது. 39ஆம் அத்தியாயம், பிளாஸ்டிக். ஐரோப்பிய ஒன்றியம் 2021இல் இத்தகைய தட்டுகளுக்கு எதிராக ஒருங்கிணைந்த சோதனையே நடத்தியது. உணவு படும் பிளாஸ்டிக்கில் மூங்கில் தூளைச் சேர்க்க அங்கே அனுமதி இல்லை. சூடான குழம்பை ஊற்றும் தட்டுக்கு மூங்கில் என்ற பெயரை வைத்து விற்பதை நினைத்தால் இன்றும் எனக்குக் கோபம் வருகிறது.

அண்ணாச்சி இப்போது அனுப்பும் இன்வாய்ஸில் 11 வரிகள் இருக்கின்றன. கரண்டியைத் தனி வரியாகப் போடுகிறார். அமெரிக்கக் கட்டண அட்டவணையில் மரக் கரண்டிக்கும் முட்கரண்டிக்கும் மற்ற மரப் பாத்திரங்களைவிட அடிப்படை வரி அதிகம் என்பதை நான் சொல்லாமலே அவர் கற்றுக்கொண்டார். போன வாரம் புதிதாக ஒன்றைக் கொண்டுவந்தார். கொட்டாங்கச்சியில் மூங்கில் காம்பு செருகிய அகப்பை. கச்சியை 'மரத்தன்மையுள்ள பிற பொருள்' என்று 44இல் வைக்கலாம் என்கிறேன் நான். செதுக்குவதற்கான தாவரப் பொருள் என்று 96க்குத்தான் போகும் என்கிறார் சார். இரண்டு நாள் பேசினோம், முடியவில்லை. சுங்கத்துறையிடம் முன்கூட்டியே எழுத்தில் தீர்ப்பு கேட்கச் சொல்லி, வாங்குபவரின் புரோக்கருக்கு இரண்டு அகப்பைகளைச் செய்தித்தாளில் சுற்றி மாதிரியாக அனுப்பியிருக்கிறோம்.