பிபிடியு வரக்கூடாத இடம்

மேனேஜ்டு சுவிட்சுகள் பெரும்பாலானவற்றில், மின்சாரம் கொடுத்தாலே ஸ்பேனிங் ட்ரீ ஓட ஆரம்பித்துவிடும். 1985இல் ரேடியா பெர்ல்மன் அதை வடிவமைத்ததே அப்படித்தான்: யாரும் எதையும் அமைக்காமல் நெட்வொர்க் தன் லூப்களை, அதாவது தரவு சுற்றிக்கொண்டே இருக்கும் வட்டப் பாதைகளை, தானே அடைத்துக்கொள்ள வேண்டும். சிக்கல் என்னவென்றால், சுவிட்சுகள் ஒன்றுக்கொன்று அனுப்பும் ஸ்பேனிங் ட்ரீ செய்தியான பிபிடியு (BPDU) எங்கிருந்து வந்தாலும் அது நம்பிவிடும்.

ஒரு நெட்வொர்க் என் பொறுப்புக்கு வந்தபோது முதலில் ரூட் பிரிட்ஜ், அதாவது ஸ்பேனிங் ட்ரீ மையமாக வைத்துக்கொள்ளும் சுவிட்ச், எது என்று பார்த்தேன். நெட்வொர்க்கின் நடுவிலிருக்கும் கோர் சுவிட்ச்தான் என்று எல்லோரும் அடித்துச் சொன்னார்கள். போர்ட் போர்ட்டாகத் தேடிப் போனால், மாடிப்படிக்கு அடியில் தூசி படிந்த, பயனர்களை இணைக்கும் ஒரு பழைய அக்சஸ் சுவிட்சில் போய் நின்றது. பிரையாரிட்டி எண் சிறியதாக உள்ளதுதான் ரூட் ஆகும்; எல்லாவற்றிலும் அது 32768 என்றே இருந்தால் சிறிய மேக் முகவரி (கருவியின் வன்பொருள் எண்) உள்ளதுதான் ஜெயிக்கும். பழைய பெட்டிக்குப் பல சமயம் அந்த எண் சிறியதாக இருந்துவிடும். கோரில் 4096, அதற்குத் துணையானதில் 8192 போட்டதும் சரியாயிற்று. ஆனால் நாளைக்கே யாராவது பிரையாரிட்டி 0 வைத்த சுவிட்ச் ஒன்றைச் செருகினால்? அதற்குத்தான் கீழே போகும் போர்ட்டுகளில் ரூட் கார்டு. இப்போதைய ரூட்டை மிஞ்சும் பிபிடியு வந்தால் அந்தப் போர்ட்டை மட்டும் நிறுத்தி வைக்கும். வருவது நின்றதும் தானே திறந்துவிடும்.

பயனர் போர்ட்டுகளின் கதை வேறு. சாதாரண ஸ்பேனிங் ட்ரீயில் ஒரு போர்ட் கேட்பதற்கு 15 விநாடி, கற்பதற்கு 15 விநாடி என்று காத்திருக்கும். அதற்குள் கணினி ஐபி முகவரி கேட்டுச் சலித்துப்போகும். எனவே போர்ட்ஃபாஸ்ட் போடுகிறோம். போர்ட் உடனே திறக்கும், லூப் இருந்தால் அதுவும் உடனே சுற்றும். ஈதர்நெட் சட்டகத்துக்கு (தரவுப் பொட்டலத்துக்கு) ஆயுள் எண்ணிக்கை கிடையாது. எல்லோருக்கும் போகும் பிராட்காஸ்ட் ஒன்று மாட்டினால் சுற்றிக்கொண்டேதான் இருக்கும். ஆகவே போர்ட்ஃபாஸ்ட் இருக்கும் இடத்தில் பிபிடியு கார்டும் இருந்தே ஆகவேண்டும். மேசைக்கு அடியில் தொங்கும் கேபிளை ஒருவர் நல்லெண்ணத்தோடு சுவரில் செருகுவார், பிபிடியு ஒன்று வந்ததுமே போர்ட் எர்-டிசேபிள்டு ஆகி முடங்கிவிடும், சற்று நேரத்தில் "சார், என் நெட் மட்டும் போயிடுச்சு" என்று போன் வரும். அந்த "மட்டும்"தான் நமக்கு வேண்டியது.

முடங்கிய போர்ட் தானே மீளும் வசதியைப் பயனர் போர்ட்டுகளில் நான் போடுவதில்லை. 300 விநாடிக்கு ஒருமுறை போர்ட் எழுந்து விழுந்துகொண்டிருக்குமே தவிர, கேபிளை யாரும் தேடிப் போகமாட்டார்கள்.

எனக்குப் பயம் பிபிடியு ஃபில்டரிடம்தான். பெயரைக் கேட்டால் கார்டின் தம்பி மாதிரி இருக்கும். லாக் (நிகழ்வுப் பதிவேடு) நிரம்பி வழிகிறது என்று யாரோ அதைப் போர்ட்டுக்குள்ளேயே போட்டு வைத்திருப்பார்கள். லாக் அடங்கிவிடும், கூடவே அந்தப் போர்ட்டில் ஸ்பேனிங் ட்ரீயும் செத்துவிடும். பிபிடியு அனுப்பவும் செய்யாது, வந்ததைப் பார்க்கவும் செய்யாது. சிஸ்கோ சுவிட்சில் ஒரே போர்ட்டில் இரண்டும் இருந்தால் ஃபில்டர் முந்திக்கொள்ளும், கார்டு சும்மா கிடக்கும். கான்ஃபிகரேஷனைப் படிப்பவருக்கோ கார்டு என்ற வரியும் கண்ணில் படும், காவல் இருக்கிறது என்று நம்பிவிடுவார். பழைய டெம்ப்ளேட் எது கைக்கு வந்தாலும் இந்த ஃபில்டர் வரி இருக்கிறதா என்றுதான் முதலில் தேடுகிறேன்.

லூப் கார்டு பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஃபைபரில் ஓர் இழை மட்டும் செத்து, பிபிடியு வருவது நின்றால், அடைத்திருந்த போர்ட் "சரி, வழி காலி" என்று திறக்காமல் பார்த்துக்கொள்ளும். ரூட் கார்டு உள்ள போர்ட்டில் இதையும் சேர்த்துப் போட முடியாது.

அப்புறம், இவை எதுவும் உதவாத ஓர் இடம் உண்டு. சில மலிவான சின்ன சுவிட்சுகள் பிபிடியுவைக் கடத்தாமல் விழுங்கிவிடும். அதற்குள்ளேயே லூப் போட்டால் நம் போர்ட்டுக்குப் பிபிடியு திரும்பி வராது, பிராட்காஸ்ட் மட்டும் வெள்ளமாக வரும். அங்கே கைகொடுப்பது, வரம்பு மீறும் பிராட்காஸ்டைத் தடுக்கும் ஸ்டார்ம் கன்ட்ரோல்தான். வழக்கமான பிராட்காஸ்ட் எவ்வளவு என்று சில நாள் கவனித்துவிட்டு, அதற்குச் சற்று மேலே வரம்பை வைக்கிறேன்.