பச்சை போவதற்குள் வைக்க வேண்டிய தீ

ஆஸ்திரேலியாவின் வட பிராந்தியத்தில், கேத்தரினுக்குத் தெற்கே ஒரு மாட்டுப் பண்ணையில் வரைபட வேலை பார்க்கிறேன். எங்கள் நிலத்தை சவானா (மரங்கள் சிதறி நிற்கும் புல்வெளி) தீ மேலாண்மைத் திட்டத்தில் சேர்த்த கதை இது. இதில் இறங்க நினைப்பவர்களுக்கு உதவும் என்று எழுதுகிறேன்.

ஆகஸ்டுக்குப் பிறகு இங்கே புல் முழுக்கக் காய்ந்துவிடும். அப்போது பிடிக்கிற தீ வாரக்கணக்கில் ஓடும். சருகு, விழுந்த மரம் எதையும் விடாது. ஜூலை 31-க்குள் நாமே துண்டு துண்டாக எரித்துவிட்டால் அந்தப் பெருந்தீ போக வழியில்லை. அப்படித் தீப்புகையில் குறைகிற மீத்தேனுக்கும் நைட்ரஸ் ஆக்சைடுக்கும்தான் கார்பன் கிரெடிட், அதாவது மாசைக் குறைத்ததற்குக் கிடைக்கும், விற்கக்கூடிய சான்று. கரியமில வாயு கணக்கில் வராது, அதை அடுத்த மழையில் முளைக்கும் புல் திரும்ப எடுத்துக்கொள்கிறது.

அதிகம் இழுத்தது சம்மதக் கடிதங்கள்தான். பண்ணை குத்தகை நிலம். பூர்வகுடி நில உரிமையாளர்களில் தொடங்கி, கடன் கொடுத்த வங்கி வரை கையெழுத்து வேண்டும். வங்கியை நாங்கள் கடைசியில்தான் நினைத்தோம், நீங்கள் முதலிலேயே கேட்டுவிடுங்கள். எங்களுடையது 600 முதல் 1000 மி.மீ. மழை மண்டலம், அதனால் திட்டத்துக்கு முந்தைய 15 வருடத் தீயின் சராசரியோடு ஒப்பிட்டுத்தான் கணக்கு. செயற்கைக்கோள் படங்களில் எரிந்த இடங்கள் பதிவாகியிருக்கின்றன, அதில் சிரமமில்லை. தாவர வரைபடத்தில்தான் மாட்டிக்கொண்டேன். அடர்ந்த மரக்காடு என்று நான் குறித்த ஓர் இடம், ஹெலிகாப்டரில் போய்ப் பார்த்தால் வெறும் புல்வெளி.

முதல் வருடம் ஜூலை கடைசி வரை தள்ளிப்போட்டு, ஒரு நாள் காலையில் தீ வைத்தோம். பத்து மணிக்குக் காற்று கிளம்பியது. மாடுகளுக்கென்று ஒதுக்கியிருந்த ஒரு பேடக் (வேலி போட்ட மேய்ச்சல் நிலம்) முழுதும் போயிற்று. அந்த மந்தையை வேறிடத்துக்கு ஓட்டிய நாள் இன்னும் உறுத்துகிறது.

மறு வருடம் மே மாதம் பூர்வகுடிப் பெரியவர் ஒருவர் வந்தார். ஒரு புல் தாளைப் பிடுங்கி விரலில் முறுக்கினார். நுனி பொடிந்தது, அடி வளைந்ததே தவிர ஒடியவில்லை. “இப்போ வை, சாயங்காலமா வை” என்றார். வெயில் தாழ்ந்ததும், எரியும் எண்ணெயைச் சொட்டவிடும் டிரிப் டார்ச்சோடு ஓடைக்கரையில் நடந்தோம். தீ முழங்கால் உயரம்கூட எழவில்லை. பருந்துகள் புகைக்கு முன்னால் வெட்டுக்கிளி பிடித்துக்கொண்டிருந்தன. இருட்டி, பனி இறங்க இறங்கச் சுடர் தானாகச் சுருங்கியது. காலையில் போனால் எரிந்த கருப்புப் பட்டைக்கு நடுவே பச்சைத் தூர்கள் அப்படியே நின்றன, மரங்களின் உச்சியில் ஓர் இலைகூடக் கருகவில்லை.

அந்த அக்டோபரில் கிழக்கிலிருந்து ஒரு தீ வந்தது. இரண்டு நாள் தூக்கமில்லாமல் திரையில் செயற்கைக்கோள் படங்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்றாம் நாள் படத்தில் அது நாங்கள் எரித்த ஓடைக்கரைப் பட்டையோடு நின்றிருந்தது. மாடுகள் மேற்குப் பக்கத்தில் மேய்ந்துகொண்டிருந்தன.