அம்மா இல்லாத மொத சித்திரைத் திருவிழா

நாளைக்கு மதுரை மூன்றுமாவடியில அழகருக்கு எதிர்சேவை, மலையிலருந்து வர்ற அழகர சனங்க எதிர்கொண்டு வரவேற்கிற நாள். அம்மா இருந்திருந்தா இந்நேரம் அந்த பெரிய எவர்சில்வர் அண்டாவுல தயிருக்கு ஒறை ஊத்தி முடிச்சிருக்கும், காலையில இஞ்சியும் பச்சமொளகாயும் அம்மியில வச்சு நசுக்கி பெருங்காயம் கரைச்சு கறிவேப்பிலைய கையாலயே கிள்ளிப் போட்டு, வெயில்ல நடந்து வர்ற சனங்களுக்கு வாசல்ல நின்னு மோர் ஊத்தும். ஒரு டம்ளர் குடிச்சவங்கள சும்மா விடாது, "இன்னொன்னு குடி சாமி, ரொம்ப தூரம் நடக்கணும்ல"ன்னு மறுபடி ஊத்தும்.

நேத்து வருசா வருசம் மேலூர் பக்கத்துலருந்து நடந்து வர்ற ஒரு பாட்டி வந்து "அக்காவ எங்கப்பா"ன்னு கேட்டுச்சு. சொன்னேன். அப்படியே படியில உக்காந்து அழுதுருச்சு, எனக்கும் தாங்கல.

இப்பத்தான் ஒறை ஊத்திட்டு வந்தேன்மா. அதே அண்டா.