புகார் கொடுத்தால் விமானம்

நேற்று சாயங்காலம் தொண்டிக் கடற்கரையில் வலை பொத்திக்கொண்டிருந்த மச்சானிடம் நியூசிலாந்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன். அங்கே 2003-லேயே பாலியல் தொழிலைக் குற்றமில்லை என்று ஆக்கிவிட்டார்கள். அடித்தாலோ பணம் தராமல் ஏமாற்றினாலோ அந்தப் பெண் நேராகப் போலீசுக்குப் போகலாம். ஆனால் அதே சட்டத்தின் 19-ஆம் பிரிவுப்படி, தற்காலிக விசாவில் வந்தவர்கள் இந்தத் தொழில் செய்யக் கூடாது. மாட்டினால் நாடு கடத்தலாம்.

"சட்டத்த மீறுனா அனுப்பத்தான செய்வான்?" என்றான் மச்சான். சரி, ஆனால் கெடுபிடி கூடும்போது யார் கை ஓங்குகிறது? "போலீசுக்குப் போனால் உன்னைத்தான் விமானம் ஏற்றுவார்கள்" என்று மிரட்டுகிறவனுடைய கைதான்.

அந்தப் பயம் எனக்குத் தெரியும். வளைகுடாவில் ஏழு மாதச் சம்பளம் நின்றுபோனது. பாஸ்போர்ட் முதலாளியிடம், இக்காமா என்கிற தங்கும் அனுமதியும் முடிந்துவிட்டது. யாரிடம் போய்ப் புகார் கொடுப்பது? ராத்திரி வாசலில் வண்டிச் சத்தம் கேட்டாலே விளக்கை அணைத்துவிடுவோம். பக்கத்துக் கட்டில் அண்ணன் செருப்பைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டுதான் படுப்பார், ஓட வேண்டியிருந்தால் என்று.

புகாரோடு வருபவளிடம் முதலில் விசாவைக் கேட்பது பெரிய அநியாயம். அந்தப் பிரிவை நீக்கச் சொல்லி அங்குள்ள பாலியல் தொழிலாளர் அமைப்பே கேட்கிறது.

மச்சான் ஊசியை வலையிலேயே குத்திவிட்டு நிமிர்ந்தான். "அப்ப அந்தப் புள்ளைக யாருகிட்டதான் போய்ச் சொல்லும்?"