டோக்கே பல்லியின் பிடி

வடகிழக்கு இந்தியாவிலிருந்து இந்தோனேசியா, பிலிப்பைன்ஸ் வரை பரவியிருக்கும் டோக்கே பல்லியை ஸ்வீடன் இயற்கையியலாளர் லின்னேயஸ் 1758ஆம் ஆண்டிலேயே விவரித்துவிட்டார். ஆண் 35 செ.மீ. வரை, அரிதாக 40 செ.மீ. வரைகூட வளரும், பெண் சற்றுச் சிறியது. நீலம் தோய்ந்த சாம்பல் நிற உடலெங்கும் செம்மஞ்சள் புள்ளிகள் தெறித்திருக்கும் அழகைப் பலரும் சொல்வார்கள். என்னை வியக்க வைப்பது அதன் பிடிதான்.

பாதத்தின் அடியில் குறுக்காக அடுக்கியுள்ள மடிப்புகளில், ஒரு பாதத்துக்கு ஏறக்குறைய ஐந்து லட்சம் நுண்மயிர்கள் உள்ளன. நம் நகத்தில் இருக்கும் கெரட்டின் என்ற புரதத்தால் ஆனவை அவை. ஒவ்வொரு மயிரும் நுனியில் நூற்றுக்கணக்கான கிளைகளாகப் பிரிந்து, சுமார் 200 நானோமீட்டர் அகலமுள்ள தட்டை முனைகளில் முடிகிறது. உயிரியலாளர் கெல்லர் ஆட்டம் குழுவினர் 2000இல் ஒற்றை மயிரின் ஒட்டுவிசையை அளந்தனர். அது சுமார் 200 மைக்ரோநியூட்டன், அதாவது ஏறக்குறைய 20 மில்லிகிராம் எடையைத் தாங்கும் விசை. நான்கு பாதங்களின் எல்லா மயிர்களும் ஒருசேரப் பற்றினால் சுமார் 40 கிலோ தாங்கும் என்று இதிலிருந்து கணக்கிடலாம். கேட்கச் சுவையாக இருந்தாலும், எந்தப் பல்லியும் எல்லா மயிர்களையும் ஒரே நேரத்தில் பதிப்பதில்லை. பசையும் இல்லை, உறிஞ்சலும் இல்லை. நீரை விலக்கும் பரப்பிலும் நீரை ஈர்க்கும் பரப்பிலும் பிடி ஏறத்தாழ ஒன்றாகவே இருப்பதைக் கண்டு, நீர்ப்படலத்தின் ஒட்டுதல் அல்ல, மிக நெருங்கிய மூலக்கூறுகளிடையே எழும் மெல்லிய ஈர்ப்பான வான் டெர் வால்ஸ் விசையே காரணம் என்று 2002இல் அதே குழு காட்டியது.

இத்தனை இறுக்கமாக ஒட்டும் கால் எப்படி விடுபடுகிறது என்பதே எனக்கு இன்னும் சுவையான கேள்வி. மயிர் பரப்போடு ஏறக்குறைய 30 பாகைக் கோணத்தை எட்டியதும் தானே கழன்றுவிடுகிறது. பல்லி விரல்களை நுனியிலிருந்து மேல்நோக்கிச் சுருட்டி, ஒட்டுநாடாவை உரிப்பதுபோல் காலைப் பிரித்தெடுக்கிறது.

தாடையோ அவ்வளவு எளிதில் விடுவதில்லை. பூச்சிகளோடு சிறு எலிகளையும் பிற பல்லிகளையும் பிடித்துத் தின்னும் இந்த விலங்கு, தன்னைப் பிடிக்க வரும் கையைக் கடித்தால் நெடுநேரம் தொங்கிக்கொண்டே இருக்கும். முட்டைகளும் ஒட்டியே இருக்கும்: பெரும்பாலும் இரண்டாக, மென்மையாக இட்டு மரப்பட்டையிலோ சுவரிலோ ஒட்டியவை காற்றுப்பட்டு இறுகிவிட, அவற்றைத் தாய் தந்தையர் காவல் காக்கின்றனர். பல்லி இனத்தில் இது அரிய பழக்கம்.

சீன மரபு மருத்துவத்துக்காக இவை நெடுங்காலமாகப் பிடிக்கப்பட்டு உலர்த்தப்படுகின்றன. எய்ட்ஸைக் குணமாக்கும் என்ற ஆதாரமற்ற வதந்தி வேட்டையை மேலும் தூண்டியதால், பிலிப்பைன்ஸ் சுகாதாரத் துறை 2011இல் மக்களை எச்சரிக்க வேண்டியதாயிற்று. 2019இல் இந்த இனம், அழியும் வாய்ப்புள்ள உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில் சேர்ந்தது. அதன்பின் எல்லை தாண்டி விற்க ஏற்றுமதி அனுமதி தேவைப்படுகிறது.